அடுக்களைக் கதவில் தொடங்குவோம்

எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் முன்வாசலுக்குக் கட்டளை வைக்கிற நாளை ஒரு விசேஷமாகவே நடத்துவார்கள். மற்ற ஊர்களில் நிலை என்பதைத்தான் இங்கே கட்டளை என்போம். சிலர் நாள் பார்ப்பார்கள், சிலர் ஜெபம் வைப்பார்கள். ஆசாரிக்கு வேட்டியும் தட்சிணையும் கிடைக்கும். தேக்கு வாங்க வசதியில்லாதவர் அயனியாவது வாங்கி, பூவேலை செய்து, வார்னிஷ் அடித்து நிறுத்துவார். அம்பூரி, வெள்ளறடை, பனச்சமூடு, பத்துகாணி என்று மாநில எல்லையின் இரண்டு பக்கமும் இதே வழக்கம்தான்.

அப்படியே வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். அடுக்களைக் கதவு மிச்சம் கிடந்த பலகையில் செய்ததாக இருக்கும். இரண்டு கீல், உள்ளே ஒரு கொண்டி, அவ்வளவுதான். கீழ்ப்பலகை சாரல் பட்டு இற்றிருக்கும். கட்டளையின் அடிப்பாகத்தைச் சிதல் தின்றிருக்கும். அந்தக் கதவுக்கு நாலடி தள்ளி மண்வெட்டியும் பிக்காசும் சாய்த்து வைத்திருப்பார்கள்.

ஒரு வீட்டின் பெலம் என்பது அந்த வீட்டிலேயே மோசமான கதவின் பெலம்தான். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. அம்பூரியில் அக்கா வீட்டுக் கதவு ஜன்னல்களை மாற்றும் வேலையைக் கூடவே நின்று பார்த்தேன். அதற்காகப் படித்ததும், கடைக்காரர்களிடமும் ஆசாரிகளிடமும் கேட்டதும், கண்ணால் பார்த்ததும் இதில் இருக்கிறது. வீடு கட்டுகிறவர்கள், பழைய வீட்டைப் புதுக்குகிறவர்கள், ஊரில் அப்பா அம்மாவைத் தனியாக விட்டு வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள், தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

சுவர் பலமானது, வாசல் பலமாகவில்லை

மண்சுவரும் ஓட்டுக்கூரையும் இருந்த காலத்தில் கள்ளனுக்குக் கதவே தேவைப்படவில்லை. கன்னக்கோலால் சுவரைத் துளைத்தான், இல்லையென்றால் ஓட்டைப் பிரித்து இறங்கினான். அதனால்தான் திருவிதாங்கூரின் பழைய வசதியான வீடுகளில் நெல்லும் பொன்னும் வைக்கிற அறைக்குச் சுவரையே கனத்த மரப்பலகையால் கட்டினார்கள். வீட்டுக்குள் ஒரு மரப்பெட்டகம் போல அது நின்றது. அதன் கதவில் மணிச்சித்திரத்தாழ் போட்டார்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் அங்குள்ள மரக்கதவுகளையும் தாழ்களையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று புரியும். அதே அரண்மனையில், உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது என்கிற மாதிரி மரச்சட்டங்கள் வைத்த சாளரங்களும் உண்டு. கதவும் ஜன்னலும் காவல் வேலைதான் முதலில் செய்ய வேண்டும் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கள்ளன் வருகிற வழிகளைச் சட்டமும் எழுதி வைத்திருக்கிறது. 1860-இல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 445-வது பிரிவு, வீட்டை உடைத்துப் புகுவதற்கு ஆறு வழிகளைப் பட்டியல் போட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 330-வது பிரிவாக அது தொடர்கிறது. அதில் கொடுத்திருக்கும் உதாரணங்களைப் படித்தால் நம் ஊர்க் கதை மாதிரியே இருக்கும். சுவரில் துளை போட்டு அதில் கையை விடுவது ஒன்று. ஜன்னல் வழியாக உள்ளே புகுவது ஒன்று. கதவில் இருக்கும் ஓட்டையில் கம்பியை விட்டுக் கொண்டியைத் தூக்கித் திறப்பது இன்னொன்று.

சுவரில் துளை போடுவது இன்று லேசான காரியம் இல்லை. வெட்டுகல், சிமெண்ட் கட்டை, வார்ப்புக் கூரை எல்லாம் வந்துவிட்டன. ஆனால் கொண்டியைக் கம்பியால் தூக்குகிற வழி 1860-இல் இருந்த மாதிரியே இன்றைக்கும் திறந்து கிடக்கிறது. சுவரைப் புதுசாக்கிவிட்டு அடுக்களைக் கதவைப் பழைய காலத்திலேயே விட்டுவிட்டோம்.

2024 நவம்பரில் ஆலப்புழை மாவட்டம் மண்ணஞ்சேரி, புன்னப்பிரா பக்கங்களில் நடந்த திருட்டுகள் நினைவிருக்கும். இரவில் அடுக்களைக் கதவைத் திறந்து உள்ளே வந்து, தூங்கிக்கொண்டிருந்த பெண்களின் கழுத்துச் சங்கிலியைப் பறித்துப் போனார்கள். ஆலப்புழைக்கும் எங்களுக்கும் தூரம் அதிகம் என்றாலும் அந்தச் செய்தி வந்த நாட்களில் அம்பூரியில்கூட ராத்திரி யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. அப்போது ஒரு சமூகத்தின் பெயரையே திருட்டுக் கும்பலின் பெயராகப் பத்திரிகைகள் எழுதியது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. 1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1952-இல் நாடு முழுவதும் ஒழிந்துவிட்டது. அந்த எண்ணத்தை நாம் சுமந்துகொண்டு திரியக் கூடாது. திருடியவர் யாரோ அவரைப் பிடிப்பது போலீஸ் வேலை. அந்தச் சம்பவங்களில் நாம் கற்க வேண்டியது வேறு. வந்தவர்கள் முன்கதவைத் தொடவே இல்லை.

மழையும் சிதலும்

நெய்யாறு அணையின் மேற்பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிற ஊர் அம்பூரி. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கும், துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கும். சுற்றிலும் ரப்பர்த் தோட்டம், எப்போதும் ஈரம். இந்த ஈரத்தில் மரக்கதவு பருத்துவிடும். கட்டளையில் உரசும், தாழ்ப்பாள் அதன் துவாரத்துக்கு நேராக வராது. தோளால் தள்ளி அழுத்தினால்தான் தாழ் விழும். முட்டுவலி உள்ள ஒரு அம்மா தினமும் ராத்திரி அதைச் செய்வாரா? கீழ்த்தாழைப் போடாமல் மேல்கொண்டியோடு விட்டுவிடுவார். ஆசாரியைக் கூப்பிட்டுச் சீவினால் மழை மாதத்தில் சரியாக இருக்கும். கும்பம், மீனம் மாத வெயிலில் காய்ந்து விரல் நுழைகிற இடைவெளி வந்துவிடும். நெம்புகோலுக்கு அந்த இடைவெளி போதும்.

நல்ல வைரம் பாய்ந்த, நன்றாக உலர்ந்த தேக்கில் இந்தத் தொல்லை குறைவு. அப்படிப்பட்ட தேக்கு எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. பின்கதவுக்கு அதைப் போடவும் யாருக்கும் மனம் வராது. எஃகு, யுபிவிசி, அலுமினியம் ஆகியவற்றின் உண்மையான நன்மை இங்கேதான் இருக்கிறது. மழையில் பருக்காது, சிதல் தின்னாது. தாழ் வைத்த இடத்துக்கு எந்த மாதத்திலும் நேராகப் போய் விழும். தினமும் சுலபமாகப் பூட்ட முடிகிற கதவைத்தான் மனிதர்கள் தினமும் பூட்டுவார்கள்.

ஒரு நாடு சட்டம் போட்டுப் பார்த்தது

"கள்ளன் நினைத்தால் எந்தக் கதவையும் உடைப்பான், எதற்கு இவ்வளவு செலவு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நெதர்லாந்தில் இதற்குப் பதில் கிடைத்திருக்கிறது. 1999 ஜனவரி 1 முதல் அங்கே புதிதாகக் கட்டும் வீடுகளில், ஆள் எட்டக்கூடிய எல்லாக் கதவு ஜன்னல்களும் உடைப்பைத் தாங்குகிறவையாக இருக்க வேண்டும் என்று கட்டடச் சட்டத்தில் சேர்த்தார்கள். பென் வொல்லார்ட், யான் வான் ஊர்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அதன் விளைவை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். ஒரு வருடத்தில் வீட்டில் திருட்டு நடக்கும் வாய்ப்பு 1.1 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய கால்பங்கு குறைவு.

ஐரோப்பியத் தரத்தில் இரண்டாம் வகுப்புக் கதவு என்றால், திருப்புளி, குறடு, ஆப்பு போன்ற கைக்கருவிகளை 3 நிமிடம் தாங்க வேண்டும். மூன்றாம் வகுப்பு என்றால் கடப்பாரை மாதிரியான நெம்புகோலை 5 நிமிடம். அவ்வளவுதான்! கேட்கச் சின்ன நேரமாகத் தெரியும். ஆனால் நடுராத்திரியில் நாய் குரைக்க, தட்டும் சத்தம் கேட்க, பக்கத்து வீட்டு விளக்கு எரிய அந்த 3 நிமிடம் போதும். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சட்டம் முன்வாசலை மட்டும் சொல்லவில்லை. எட்டக்கூடிய எல்லாத் திறப்பையும் சொன்னது. நான் அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது இதனால்தான்.

கதவு வாங்கும்போது எதைப் பார்ப்பது

அக்கா வீட்டு வேலையின்போது வயதான ஒரு ஆசாரி சொன்னார்: "மக்களே, கள்ளன் கதவப் பாக்கமாட்டான். கட்டளையத்தான் பாப்பான். கட்டளைக்குப் பெலம் இல்லேன்னா கதவு இரும்பானாலும் ஒண்ணுதான்." மரவேலை செய்தே வாழ்ந்தவர், எஃகுக் கதவைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. கட்டளை, பலகை, கீல், பூட்டு நான்கும் ஒரே இடத்தில் ஒன்றாகச் செய்து, ஒன்றாகப் பொருத்தி வருவதுதான் புதுமாதிரிக் கதவின் பெரிய பலம். தனித்தனியாக வாங்கி ஒட்டவைப்பதில் எங்காவது ஒன்று பலவீனமாகிவிடும்.

முதலில் கட்டளை. சுவரோடு அதைப் பிடிக்கிற கிளாம்பு ஒவ்வொரு பக்கமும் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். அவற்றைச் சுற்றிக் கான்கிரீட் நன்றாக நிறைய வேண்டும். எஃகுக் கட்டளை உள்ளே குழாய் போல வெற்றாக இருக்கும். அதன் பின்பக்க இடைவெளியைக் கலவையால் நிரப்பச் சொல்லுங்கள். பூச்சு வேலை முடிந்துவிட்டால் யாரும் திறந்து பார்க்க முடியாது, ஆகவே அந்த நாளில் வீட்டுக்காரர் ஒருவர் கூட நிற்க வேண்டும்.

அடுத்தது தகட்டின் கனம். கேரளத்தில் இப்போது துத்தநாகம் பூசிய எஃகுக் கதவு ஜன்னல்கள் தெருவுக்குத் தெரு விற்பனையாகின்றன. கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும் என்பதை மறக்காதீர்கள். 16 கேஜ் என்றால் ஒன்றரை மில்லிமீட்டருக்குப் பக்கம் வரும். 20 கேஜ் ஒரு மில்லிமீட்டருக்குள்தான். 120 ஜிஎஸ்எம் என்று சொல்வது ஒரு சதுரமீட்டர் தகட்டில் பூசியிருக்கும் துத்தநாகத்தின் கிராம் அளவு. அது துருவிலிருந்து காப்பாற்றும், உடைப்பிலிருந்து காப்பாற்றாது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

யுபிவிசி வாங்கினால் சட்டத்துக்குள் எஃகுக் குழாய் செருகியிருக்கிறார்களா என்று வெட்டிய துண்டைக் காட்டச் சொல்லுங்கள். விலை குறைத்துத் தருகிறேன் என்பவர் முதலில் கைவைப்பது அங்கேதான். தள்ளுகதவு மாதிரி ஜன்னல் என்றால், வெளியிலிருந்து தூக்கித் தண்டவாளத்தைவிட்டுக் கழற்ற முடியாதபடி மேலே தடுப்புக்கட்டை இருக்க வேண்டும்.

பூட்டில் முக்கியம், தாழ் எத்தனை இடத்தில் கட்டளைக்குள் இறங்குகிறது என்பது. ஒரே இடத்தில் பிடிக்கிற பூட்டு இருந்தால் கதவின் மேல்மூலையையும் கீழ்மூலையையும் நெம்பலாம். மேலே, நடுவே, கீழே என்று பல இடங்களில் இறங்குகிற பூட்டு அந்த வழியை அடைத்துவிடும். சாவி போடும் உருளை, கைப்பிடித் தகட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தக் கூடாது. துருத்தினால் குறடால் பிடித்து முறிக்கலாம்.

தொங்குபூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு நம் தமிழ்க் கைவேலையின் பெருமை. ஆனால் எவ்வளவு நல்ல பூட்டானாலும், அது தொங்குகிற நாதாங்கி நாலு சின்ன ஆணியில் நின்றால் பயன் இல்லை. கள்ளன் பூட்டைத் தொடாமல் நாதாங்கியைப் பெயர்ப்பான். அதுமட்டுமில்லை, வெளியே தொங்குகிற பூட்டு வீட்டில் ஆள் இல்லை என்பதை வழியில் போகிற எல்லோருக்கும் சொல்லிவிடும். முன்கதவுக்கு உள்பூட்டே நல்லது.

ஜன்னலும் கண்ணாடியும்

நம் பழைய மர ஜன்னலில் கம்பியின் இரண்டு நுனியும் சட்டத்தில் போட்ட துளையில் உட்கார்ந்திருக்கும். சட்டம் இற்றுப்போனால் கம்பியைக் கையாலேயே உருவலாம். எஃகு ஜன்னலில் கம்பி குறுக்குப்பட்டையின் வழியாகப் போய்ச் சட்டத்தோடு வெல்டிங் ஆகியிருக்கும். உங்கள் வீட்டு மர ஜன்னல்களை ஒருமுறை கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடுகிற ஜன்னல் எது என்று உங்களுக்கு முதலில் தெரியட்டும்.

கண்ணாடியில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்த கடினக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு வலு. ஆனால் உடைந்தால் சிறுமணியாக உதிர்ந்து வழி முழுவதும் திறந்துவிடும். உங்களைக் காயத்திலிருந்து காப்பதற்காகச் செய்தது அது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விட்டாலும் இடத்தைவிட்டு விழாது. ஆளைத் தடுப்பது இதுதான். முன்கதவுக்குப் பக்கத்தில் அழகுக்காக நீளக் கண்ணாடி வைக்கிற பழக்கம் இப்போது கூடியிருக்கிறது. அந்தக் கண்ணாடி உடைந்தால் கைவிட்டுத் தாழைத் திறக்கலாம். அங்கே லேமினேட்டட் கண்ணாடி தவிர வேறெதுவும் வேண்டாம்.

உள்ளே இருப்பவருக்குத் திறக்க வேண்டும்

பாதுகாப்பு என்று சொல்லும்போது அம்பூரிக்காரர்கள் நினைப்பது கள்ளனை மட்டும் இல்லை. 2001 நவம்பர் 9-ஆம் தேதி இரவு இங்கே உருள்பொட்டலில், அதாவது நிலச்சரிவில், 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இன்றும் மழை கனத்தால் மலைச்சரிவில் இருக்கிறவர்களுக்கு மனசு அடித்துக்கொள்ளும். மண் வந்தால் எந்தக் கதவும் தாங்காது. ஓடச் சொல்லிக் குரல் வந்தால் உடனே வெளியே வர முடிய வேண்டும், அதுதான் கதவு செய்ய வேண்டிய வேலை. கேஸ் அடுப்பில் தீப்பிடித்தாலும் அதே கதைதான்.

அதனால் எல்லா ஜன்னலுக்கும் அசையாத கம்பி, சிட்அவுட்டுக்கு கிரில், அதற்கு உள்ளிருந்தும் ஒரு தொங்குபூட்டு, சாவி எங்கோ அலமாரியில் என்று வீட்டைக் கூண்டாக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு ஜன்னலின் கம்பிச்சட்டமாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி இருக்கட்டும். முன்கதவும் பின்கதவும் உள்ளே இருப்பவருக்குச் சாவியில்லாமல், இருட்டிலும், ஒரு கையால் திறக்க வேண்டும். பல இடத்தில் இறங்குகிற பூட்டுகளிலேயே உள்பக்கம் குமிழ் திருப்பினால் எல்லாத் தாழும் ஒரே நேரத்தில் விலகுகிற வகை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

இந்தப் பகுதியில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள், வீட்டில் அம்மாவோ அப்பாவோ மட்டும். அவர்களுக்குக் கதவு வாங்கித் தருகிறவர்கள் ஒரு விஷயம் யோசியுங்கள். கைரேகைப் பூட்டு என்று ஆசையாக வாங்கி அனுப்புகிறார்கள். வாழ்நாள் முழுவதும் ரப்பர் வெட்டியும் மண்வேலை செய்தும் தேய்ந்த விரலில் ரேகையே சரியாகப் பதியாது. ரேஷன் கடையில் விரல் வைத்துத் திணறுகிற பெரியவர்களை நாம் பார்க்கிறோமே. எண் அழுத்தியும் சாவி போட்டும் திறக்கிற வசதி சேர்ந்து இருந்தால் மட்டும் அதை வாங்குங்கள். அதைவிட, வந்தவர் யார் என்று கதவைத் திறக்காமலே பார்க்கிற குழல்கண்ணாடி ஒன்றை அவர்களின் கண் உயரத்துக்குப் பொருத்துவது மலிவானது. கண்பார்வை குறைந்தவர்களுக்கு வாசலில் நல்ல விளக்கும் சேர்த்துப் போடுங்கள்.

எல்லையோரத்துக்காரர்களுக்கு

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. சொந்தமும் சந்தையும் தோட்டமும் இன்றும் கலந்தே கிடக்கின்றன. திருடிவிட்டு பைக்கில் கொஞ்ச நேரத்தில் அடுத்த மாநிலத்துக்குள் போய்விடலாம் என்பதும் உண்மை. அவசரத்துக்கு 112 என்ற எண் இரண்டு பக்கமும் வேலை செய்யும். கேரளப் பக்கம் இருக்கிறவர்கள் வீட்டைப் பூட்டி வெளியூர் போவதைக் கேரளப் போலீஸின் போல்-ஆப் செயலி வழியாக முன்கூட்டியே தெரிவித்தால், 14 நாள் வரை ரோந்து போலீஸ் அந்த வீட்டையும் கவனிக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிறவர்கள் தங்கள் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகலாம்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றப் பலருக்கும் முடியாது. அதனால் வரிசை சொல்கிறேன். பிக்காசு, கடப்பாரை, ஏணி எல்லாவற்றையும் இன்றைக்கே உள்ளே வைத்துப் பூட்டுங்கள். அதற்குக் காசு தேவையில்லை. அடுத்து, பின்கதவின் கொண்டியை எடுத்துவிட்டு மேலும் கீழும் கனமான தாழ் போடுங்கள். அது நுழைகிற இடத்தில் தகடு வைத்து, கட்டளையையும் தாண்டிச் சுவருக்குள் போகிற நீளத் திருகாணி அடிக்கச் சொல்லுங்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் அடுக்களைக் கதவைக் கட்டளையோடு சேர்த்து எஃகுக்கு மாற்றுங்கள். பிறகு அடுக்களையை ஒட்டிய ஒர்க் ஏரியாவின் கிரில், தரைத்தள ஜன்னல்கள், மாடிப்படி முடிகிற இடத்துக் கதவு. முன்கதவு கடைசியில் வரட்டும். ஏனென்றால் உங்கள் வீட்டில் அது ஏற்கெனவே நன்றாகத்தான் இருக்கும்.

அக்கா வீட்டில் இந்த வரிசையில்தான் செய்தோம். முன்வாசல் அயனிக் கதவு அப்படியே இருக்கிறது, பின்பக்கம் எஃகு. புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: முன்கதவுக்கு ஒதுக்குகிற பணத்தில் பூவேலையைக் கொஞ்சம் குறைத்து, அந்தக் காசைப் பின்கதவுக்குத் தாருங்கள். கட்டளை வைக்கிற நாளில் ஆசாரிக்குக் கொடுக்கிற மரியாதையையும் கவனத்தையும் அடுக்களை வாசலில் கிளாம்பு பதிக்கிற நாளிலும் கொடுங்கள். உங்கள் வீட்டுப் பின்கதவு எப்படி இருக்கிறது என்று இன்று ராத்திரி பூட்டும்போது பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். எதை முதலில் மாற்றலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.